ஸ்பெஷல் கியரை உடைத்த கை

கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையோரம் இருந்த இருசப்பன் ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "வண்டி நின்னா தானா இங்க தள்ளிக்கினு வருவானுங்க, பலகை இன்னாத்துக்கு?" என்பார். அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு. வேலை சுத்தமாக இருந்ததால் ஊரும் அந்தத் திமிரைச் சகித்துக்கொண்டது.

மற்ற ஷெட்டுகளில் வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுப்பார்கள். இருசப்பன் எடுக்க மாட்டார். முதலில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பர்லாங் போய்வருவார். பிறகு வண்டியை நிறுத்தி என்ஜினை மட்டும் ஓடவிட்டு, முழ நீளக் கம்பி ஒன்றின் ஒரு முனையைக் கியர்ப் பெட்டியிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார். கேட்டு முடித்து அவர் சொன்னது சொன்னதுதான். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். இருபது வருஷமாக அப்படியே இருந்ததுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம். ஒருதரமும் தப்பாத மனிதனை நம்பக்கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு, அது இருக்கட்டும்.

அவரிடம் வந்த வண்டிகளில் ஊரே வேடிக்கை பார்க்கும் வண்டி ஒன்று இருந்தது. மிலிட்டரியிலிருந்து ஏலத்தில் வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். அதன் சொந்தக்காரர் ரிஷிவந்தியம் பக்கத்துப் பண்ணைக்காரர் சின்னராசு. கீழே நெல்லும் கரும்பும் போட்டுக்கொண்டு, மேலே கல்வராயன் மலையில் வியாபாரமும் வைத்திருந்தார். கரியாலூர்ப் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் புளியும் இறங்கும். அரிசியும் உப்பும் ஏறும். சாதாரண லாரி முக்கி முனகி நின்றுவிடும் மழைக்காலச் சேற்றில் அந்த வண்டி மட்டும் ஏறிப்போகும்.

ஏறிப்போகக் காரணம் அதன் வயிற்றுக்குக் கீழே இருந்த இரண்டாவது பெட்டி. எல்லா லாரிக்கும் ஒரு கியர்ப் பெட்டி என்றால், இதற்கு அதன் பின்னால் ஒட்டினாற்போல இன்னொன்று. என்ஜின் இழுப்பை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. புத்தகத்தில் டிரான்ஸ்பர் கேஸ். டிரைவர்கள் வாயில் ஸ்பெஷல் கியர். சமதரையில் பின்சக்கரம் மட்டும் இழுத்தால் போதும். மலையில் ஏறும்போதும், பாரத்தோடு இறங்கும்போதும், தனி லிவரைப் போட்டால் நாலும் சேர்ந்துகொள்ளும்.

சின்னராசு பக்திமான். ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசைக்கு முன்னால் வண்டிக்கு இரண்டு புது டயர் வாங்குவார். புதுசு இரண்டும் முன்னால். முன்னால் இருந்த போன வருஷத்துச் சோடி பின்னால் போகும். பின்னால் இருந்தது தேய்ந்து வழவழவென்று ஆனபிறகு கழற்றி விற்கப்படும். "மூஞ்சியில பழச மாட்டி மாலை போடுவாங்களா?" என்பார். கள்ளக்குறிச்சி லாரி ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சந்தனம் பூசுவதும், கற்பூரம் காட்டுவதும், எலுமிச்சம்பழம் வைப்பதும் முன்சக்கரத்துக்குத்தானே. இருசப்பனும் இருபது வருஷமாக அந்தப் பூசைகளில் பொரியும் சுண்டலும் தின்றவர்தான்.

மலைச்சாலைக்குப் பாதி தூரம் வரை தார் போட்டபிறகு வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஸ்பெஷல் கியர் போட்டால் லிவர் திரும்பி வராது. வந்தால் மறுநாள் தானாகத் துள்ளி விழும். எண்பத்தைந்தில் ஒருநாள், பெட்டிக்குள் கரகரவென்று அரைக்கும் சத்தத்தோடு வண்டி ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

அப்போது டிரைவர் சடையன். மலைக்காரன். கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பு. அந்த ஊரில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள். முப்பது வயது இருக்கும். வண்டியைச் சொந்த மாட்டைப் போலக் கவனிப்பான். ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு துணியில் நெல்லிக்காயோ கொய்யாவோ முடிந்து கொண்டுவந்து, "அண்ணே, இது அண்ணிக்கு" என்று வைத்துவிட்டுப் போவான். இருசப்பனை அந்தக் கள்ளக்குறிச்சியே மேஸ்திரி என்றது. அண்ணே என்றவன் அவன் ஒருவன்தான்.

இருசப்பன் கம்பியைக் காதில் வைத்தார். எண்ணெயை இறக்கி, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். பளபளவென்று இரும்புத்தூள். பெட்டியைத் திறந்தால் முன்சக்கரத்துக்கு இழுப்பைக் கொடுக்கும் பல்சக்கரத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பல் மூளியாகி இருந்தது. வண்டி நிற்பதற்கு முன்னால் அவசரப்பட்டு லிவரை இழுத்தால் பல் இப்படித்தான் உதிரும். அது அவருக்கு நூறு தடவை தெரிந்த விஷயம்.

சின்னராசு லாரி ஸ்டாண்டில் பத்துப் பேருக்கு நடுவில் வைத்துக் கேட்டார்.

"இருசப்பா, ஒரே வார்த்தையில சொல்லு. வண்டி தேஞ்சி போச்சா, இல்ல கையா?"

லாரித் தொழிலில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். தேய்மானம் என்றால் செலவு முதலாளியோடு போகும். கை என்றால் டிரைவர் போக வேண்டியதுதான்.

"கைதாங்க மொதலாளி" என்றார் இருசப்பன்.

சடையன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, வண்டி நிக்காம நான் அந்த லிவரத் தொட்டதே இல்லண்ணே. ஒரு தபாகூட இல்ல" என்றான்.

 இருசப்பன் மூளியான பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பல் பேசும்போது மனிதன் பேச்சை எதற்குக் கேட்பது என்ற நினைப்பு. சடையன் சாவியைச் சின்னராசுவின் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை ஒருதரம் சுற்றிவந்து, மலைக்கு நடந்தான். ஸ்பெஷல் கியரை உடைத்தவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. சின்னசேலம் வரைக்கும் ஒரு முதலாளியும் அவனுக்கு வண்டி தரவில்லை.

அவன் போனபிறகும் அந்தப் பெட்டி இரண்டு தரம் பல் உதிர்த்தது. முதல் தரம், போட்டது பழைய சாமான் என்றார் இருசப்பன். இரண்டாம் தரம், புது டிரைவர் அய்யப்பனுக்கு இன்னும் கை பழகவில்லை என்றார். ஒரு மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள எத்தனை காரணம் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பான். கெட்டிக்காரனாக இருந்தால் இன்னும் சுலபம்.

எண்பத்தேழில் புரட்டாசி பிறந்த அன்று சாலை மறியல் தொடங்கியது. வட மாவட்டங்களின் பெரிய சாதிச் சங்கத்தார், வேலையிலும் படிப்பிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமென்று ஒரு வாரம் சாலையை மறிப்பதாக அறிவித்திருந்தார்கள். முதல் நாள் விடியற்காலையிலேயே சாலையோரப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்துவிட்டன. பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர்கூட வரவில்லை. வடக்கே துப்பாக்கிச் சூடு என்று பாதி ரேடியோவிலும் மீதி வாயிலுமாகச் செய்தி வந்தது. மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்களுக்கு மத்தியானம் சோறு கொண்டுவந்த தாய்மார்கள், பிள்ளைகளை ஒருதரம் கண்ணால் எண்ணிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

அன்று விடியும் நேரத்தில் மலையிலிருந்து கடுக்காய் மூட்டைகளோடு இறங்கிய அய்யப்பன், எதிரே மரம் சாய்வதைப் பார்த்ததும் வண்டியை இருசப்பன் ஷெட்டுக்கு முன்னால் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்தினான். ஷெட்டின் மண் வாசலை வேறொரு லாரி அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே விட முடியவில்லை.

"மறுபடியும் லிவர் மாட்டிக்கிச்சி மேஸ்திரி. ஸ்பெஷல் கியருலயே வந்துட்டேன். சனியம் புடிச்ச பொட்டி" என்று சொல்லி, மூட்டைகளை ஷெட்டுக்குள் இறக்கிப் போட்டுவிட்டு ஊருக்கு நடந்துபோனான்.

மூன்றாம் நாள். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க இருசப்பனுக்குத் தெரியாது. அந்த வண்டியின் முன்சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்கலாம் என்று ஜாக்கியைப் போட்டு ஏற்றினார். டயர் தரையைவிட்டு எழும்பியதும், பெட்டிக்குள் டங்கென்று ஒரு சத்தம். சக்கரம் தானாகச் சுழன்று, நட்டில் மாட்டியிருந்த ஸ்பேனர் அவர் மணிக்கட்டில் அடித்தது.

வலியில் கையை உதறிக்கொண்டே அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். என்ஜின் ஓடவில்லை. யாரும் தொடவில்லை. மூன்று நாளாக ஓர் அங்குலம் நகராத வண்டி. சக்கரம் ஏன் சுழல வேண்டும்?

மேலே ஏறி லிவரைத் தொட்டார். அய்யப்பன் இரண்டு கையாலும் இழுத்து வராத லிவர், இரண்டு விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

இருசப்பன் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. கிணற்றுக் கயிற்றை முறுக்கி வைத்ததுபோல. சக்கரத்தைத் தூக்கியதும் முறுக்கு விட்டுப்போய்விட்டது. அப்படியானால் முறுக்கியது யார்? இத்தனை வருஷம் தன் கண்ணில் ஏன் படவில்லை? யோசித்ததில் அதுவும் விளங்கியது. எப்போதும் வண்டி சாலையிலிருந்து மண் வாசலில் குதித்து உள்ளே வரும். அந்தக் குதிப்பில் டயர் வழுக்கி, முறுக்கு அங்கேயே கழன்றிருக்கும். அவர் கம்பியைக் காதில் வைக்கும்போது நோய் இருக்காது, அது கடித்த பல் மட்டும்தான் இருக்கும்.

கீழே இறங்கி முன் டயரையும் பின் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னால் பூசைக்கு வாங்கியது, அதன் வரிவெட்டுப் பூ இன்னும் அழியவில்லை. பின்னால் பாரம் தாங்கித் தாங்கி மொட்டையாகிப் போனது.  ஷெட்டுக்குள் போய்ச் சாக்பீஸ் எடுத்துவந்து, முன் டயர் ஒன்றிலும் பின் டயர் ஒன்றிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டார். மரத்தின்மேல் சீட்டாடிக்கொண்டிருந்த மறியல்காரர்களைக் கூப்பிட்டார்.

"தம்பிங்களா, சும்மாதான இருக்கீங்க. இத அந்த மரம் வரைக்கும் தள்ளிக் குடுங்கப்பா."

"இன்னா மேஸ்திரி, மறியல்ல வண்டி ஓட்டச் சொல்றியா?"

"ஓட்டச் சொல்லல. தள்ளத்தான் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே இறங்கிவந்து தள்ளினார்கள். ஈ, காக்கை இல்லாத சேலம் சாலை. அத்தனை அகலமான சோதனைக்கூடம் இந்தியாவில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைத்திருக்காது. இருசப்பன் ஒரு பக்கம் குனிந்தபடியே நடந்து எண்ணினார். முன்சக்கரம் சரியாக இருபது சுற்று முடித்து அதன் கோடு தரையைத் தொட்டபோது, பின்சக்கரத்தின் கோடு இருபத்தொன்றாவது சுற்றையும் முடிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஆளை நிறுத்தி, வண்டியைத் திரும்பத் தள்ளிவரச் சொல்லி, மறுபடியும் எண்ணினார். அதே கணக்கு.

தேய்ந்த டயர் சின்னது, ஜாஸ்தி சுற்றும். புது டயர் பெரிசு, கம்மியாகச் சுற்றும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற லாரியில் அது ஒரு பொருட்டே இல்லை. முன்னால் புதுசு இருப்பது நல்லதும்கூட. இந்த வண்டியில் ஸ்பெஷல் கியர் போட்டதும் முன்னையும் பின்னையும் இரும்பு சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஒன்று இருபது என்கிறது, மற்றது இருபத்தொன்று என்கிறது. மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துச் சமாதானமாகிவிடும். தார் விட்டுக்கொடுக்காது. அந்தச் சண்டையெல்லாம் நடுவில் இருக்கும் பெட்டியின் தலையில் விடியும். வண்டி நின்றபிறகு இழுத்தாலும் லிவர் வராது. அது தானாக விடும்போது பல்லைப் பெயர்த்துக்கொண்டு விடும்.

அடுத்து வந்த நினைப்புதான் இருசப்பனை அப்படியே சாலையில் உட்காரவைத்தது. மற்ற டிரைவர்கள் டீசல் மிச்சமென்று நியூட்ரல் தட்டி மலையிறங்குவார்கள். சடையன் ஒருநாளும் அப்படி இறங்கியதில்லை. பாரத்தோடு இறங்கும்போது தவறாமல் ஸ்பெஷல் கியர் போட்டுத்தான் இறங்குவான். அதனால்தான் அவன் கையில் பெட்டி சீக்கிரம் போனது. ஒழுங்காக ஓட்டியதற்குத்தான் அவனுக்கு அந்தப் பெயர்.

"இன்னா மேஸ்திரி, மூஞ்சி ஒருமாரியா இருக்குது? வெயிலா?" என்று ஒரு பையன் கேட்டபிறகுதான் அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி சாலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "பஸ்ஸு வுடட்டும், போய்ச் சொல்லிட்டு வா. எங்க ஓடிப்போவப் போறான்?" என்றாள்.

"பஸ்ஸு வுடுறதுக்குள்ள எனக்கு வேற நாயம் தோணிடும் சாலா. என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். கச்சிராயபாளையம் போவதற்குள் ஏழு மரம். ஒவ்வொரு மரத்திலும் நாலு பேர் இருந்தார்கள். இருசப்பனைத் தெரிந்தவர்கள்தான். சைக்கிளை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "இந்த வயசுல பொண்ணு பாக்கவா மேஸ்திரி இத்தினி அவசரம்?" என்று ஒருவன் கேலி செய்தான். வேறொரு நாளாக இருந்தால் அவனுக்குச் சரியாகக் கிடைத்திருக்கும்.

மலையடிவாரத்து டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினார். முழங்கால் கெஞ்சியது. இருபது வருஷமாக இந்த மலைக்கு வண்டி அனுப்பியிருக்கிறார், ஒருநாளும் நடந்து ஏறியதில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று சேர்த்துவைத்துக்கொண்டே போனார். பல் அப்படி உடைந்திருந்தால் எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லியிருப்பான் என்பது முதல் வாக்கியம். பாதி மலை ஏறியபோது அதை எடுத்துவிட்டார். முதலாளி அவசரப்படுத்தினார் என்பது இரண்டாவது. வெள்ளிமலை தாண்டியதும் அதையும் எடுத்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் சடையன் வீட்டைக் கண்டுபிடித்தார். சடையன் மரவள்ளிக் கொல்லையில் மண்ணணைத்துக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான். இவரைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"வாங்க மேஸ்திரி" என்றான்.

அந்த வார்த்தையிலேயே இருசப்பனுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. சேர்த்துவைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "சடையா, பொட்டி போனது உன் கையால இல்ல. டயரால. நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். டயர், கோடு, இருபது, இருபத்தொன்று எல்லாவற்றையும் சொன்னார்.

சடையன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும், "முன்னாடி டயரு மாத்துனா வண்டி ஒருமாரி முக்கும். எனக்கு அது தெரியும். ஆனா ஏன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றான். அவ்வளவுதான். அவன் திட்டியிருந்தால் இருசப்பனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

திட்டுவதற்கு அவன் மனைவி சின்னப்பொண்ணு இருந்தாள். அடுப்பங்கரையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள்.

"ரெண்டு வருசமா இந்த ஆளு மலைய வுட்டு எறங்கல. எறங்குனா ஸ்டாண்டு வழியாப் போவணும்னு சந்தைக்குக்கூடப் போறதில்ல. புளிய நான்தான் தலமேல வெச்சிக்கினு எறங்குறேன். இப்ப நீ வந்து இந்தக் கொல்லையில, எங்க ரெண்டு பேருக்கும், இந்தக் கோழிக்கும் சொல்ற. நீ அன்னிக்கு எங்க நின்னு சொன்ன? ஸ்டாண்டுல நின்னு சொன்ன. பத்துப் பேரு கேக்கச் சொன்ன. அங்க போய்ச் சொல்லு."

"சும்மாயிரு சின்னப்பொண்ணு" என்றான் சடையன்.

"அது சொல்றது சரிதான்" என்றார் இருசப்பன்.  நடந்து வந்துவிட்டோம், பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று வழியில் தனக்குத்தானே முதுகைத் தட்டிக்கொண்டதை நினைத்தார்.

திட்டி முடித்த சின்னப்பொண்ணு, சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "சாப்புடு. மூட்டு புடிச்சிக்கும், காலையில எறங்கு" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். காலையில் கிளம்பும்போது, "ஆயுத பூசையன்னிக்கு ஸ்டாண்டுக்கு வா சடையா" என்றார். சடையன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறியல் முடிந்தது. மரங்களை அறுத்து ஓரத்தில் தள்ளினார்கள். பத்து நாளில் ஆயுத பூசை வந்தது. லாரி ஸ்டாண்டில் வண்டிகள் எல்லாம் குளித்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து வரிசையாக நின்றன. நடுநாயகமாகச் சின்னராசுவின் மிலிட்டரி வண்டி. முன்னால் இரண்டு புத்தம்புது டயர். வழக்கம்போலப் பழைய சோடி பின்னால் போயிருந்தது.

இருசப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார். இடுப்பில் சாக்பீஸ். சுற்றிலும் பார்த்தார். சடையன் இல்லை. நல்ல நேரம் நெருங்கியது. பூசாரி கற்பூரத்தைத் தட்டில் வைத்தார். இனியும் ஆளுக்காகக் காத்திருந்தால் வேறு நாயம் தோன்றிவிடும் என்று அவருக்குப் பயம் வந்தது.

"மொதலாளி, ஒரு நிமிசம்" என்று முன்னால் போனார். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே எடத்துல என்ன ஒண்ணு கேட்டீங்க. வண்டி தேஞ்சிதா, கையான்னு. நான் கைன்னேன். அது தப்புங்க. சடையன் மேல ஒரு பெசகும் இல்ல. கெடுத்தது என் வாயி."

ஸ்டாண்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சின்னராசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாய்யா இது, கற்பூரம் ஏத்துற நேரத்துல?" என்றார்.

இருசப்பன் குனிந்து முன் டயரிலும் பின் டயரிலும் கோடு போட்டார். டிரைவர்களைப் பார்த்து, "தள்ளுங்கப்பா" என்றார். வேடிக்கை என்றால் விடுவார்களா? சந்தனமும் மாலையுமாக வண்டியைத் தள்ளினார்கள். எண்ணியதும் அவர்கள்தான். இருபது என்று எல்லோரும் கத்தியபோது பின்சக்கரத்துக் கோடு எங்கே இருந்தது என்பதை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். லாரித் தொழிலாளிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். "அட, ஆமாய்யா. ரெண்டும் ரெண்டு சுத்து. நடுவுல பொட்டி இன்னா பண்ணும்?" என்றார் ஒரு கிழட்டு டிரைவர்.

சின்னராசுவின் முகம் சிவந்தது. "அப்போ நான் வருசா வருசம் பூச பண்ணதுதான் தப்புன்ற?"

"பூச தப்பில்லைங்க மொதலாளி. பாதி வண்டிக்கு மட்டும் பண்ணதுதான். நாலும் ஒண்ணா வாங்குங்க, ஒண்ணா தேயட்டும். இத்தினி நாளு கண்டுபுடிக்காம இருந்தது நான். என் ஷெட்டுக்கு இனிமே வண்டி அனுப்ப வேணாம்னாலும் சரிதான்."

 சின்னராசு புது டயரைப் பார்த்தார், பழைய டயரைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் அந்த இடத்தில் சத்தம் போட்டிருப்பார். அப்போதுதான் பொரிக்கடைக்குப் பின்னால் யாரோ விசும்பும் சத்தம் கேட்டுக் கூட்டம் திரும்பியது. சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் சடையன். எவ்வளவு நேரமாக நின்றானோ.

இந்தத் தடவை நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டிரைவர் வண்டியை முன்னால் எடுத்து அதை நசுக்க வேண்டும். அய்யப்பனுக்கு அந்த மலைமேலும் அந்தப் பெட்டிமேலும் எப்போதுமே ஆசை இருந்ததில்லை. சாவியை எடுத்துச் சடையனிடம் நீட்டி, "இந்தாய்யா, நீ ஏத்து" என்றான்.

சடையன் வாங்கவில்லை. சின்னராசுவைப் பார்த்தான். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா பாத்துக்கினு நிக்கிற? நல்ல நேரம் போவுது, ஏறு" என்றார்.

சடையன் படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினான். இரண்டு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடாத கை. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் ஒரே நேரத்தில் நசுங்கியது. ஸ்டாண்டு கைதட்டியது. இருசப்பன் தட்டவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கற்பூரப் புகை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு சடையன் அந்த வண்டியைப் பதினோரு வருஷம் ஓட்டினான். சின்னராசு நாலு டயரையும் ஒன்றாக வாங்கினார். பெட்டி ஒரு பல்லும் உதிர்க்கவில்லை. யாராவது முதலாளி வந்து கையா தேய்மானமா என்று கேட்டால், இருசப்பன், "நாலு நாளு வண்டிய வுட்டுட்டுப் போ" என்பார். அவர் திமிர் பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதியைச் சாலம்மாள்தான் பொறுத்துக்கொண்டாள்.

கிரீஸுக்கும் எண்ணெய்க்கும் சடையன் அவர் ஷெட்டுக்குத்தான் வந்தான். வரும்போது நெல்லிக்காய் முடிச்சும் வந்தது. வைத்துவிட்டு, "வரேங்க மேஸ்திரி" என்று போவான். பதினோரு வருஷத்தில் ஒருதரம்கூட அண்ணே என்ற வார்த்தை திரும்பி வரவில்லை. சாலம்மாளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அந்தப் புள்ள உன்ன அண்ணேன்னு கூப்புடுமே. இப்ப ஏன் கூப்புடறதில்ல?"

இருசப்பன் வாசலில் நின்ற மிலிட்டரி வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேலைய சின்னராசு திருப்பிக் குடுத்துட்டாரு. பேர ஸ்டாண்டு திருப்பிக் குடுத்துடிச்சி. அந்த அண்ணே மட்டும் அவன் குடுக்க வேண்டியது சாலா. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்குறது?"

சொல்லிவிட்டு எழுந்துபோய், சடையன் டீ குடித்துவிட்டு வருவதற்குள், நாலு டயரிலும் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார்.